கயலுக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை

குடியாத்தம்
ஏப்ரல் 20

அன்புள்ள கயல்,

நீ சிகாகோவுக்கு மாறின நாளிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். மே தினம் வருகிறது, எழுதியே விடுகிறேன்.

உங்கள் ஊர் நீல லைன் ரயிலில் கடைசி ஸ்டேஷன் ஃபாரஸ்ட் பார்க். அங்கே இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் ஹேமார்க்கெட் தியாகிகளின் நினைவுச் சின்னம் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வா, கண்ணு.

எட்டு மணி நேர வேலை கேட்டு 1886 மே 1 அன்று உங்கள் சிகாகோவில் வேலைநிறுத்தம். மே 4 ராத்திரி, ஹேமார்க்கெட் சதுக்கத்தில் தொழிலாளர் கூட்டத்தைக் கலைக்கப் போலீஸ் வந்தபோது யாரோ குண்டு வீசினார்கள். வீசியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் அடுத்த வருஷம் நவம்பர் 11 அன்று நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். 1893ல் நினைவுச் சின்னம் திறந்த மறுநாளே, சிறையில் மிச்சமிருந்த மூன்று பேரை கவர்னர் விடுதலை செய்தார். விசாரணையே நியாயமாக நடக்கவில்லை என்றார்.

உன் விசாவுக்குச் சென்னை போனபோது மெரினாவில் உழைப்பாளர் சிலை முன்னால் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959ல் வைத்தது. நாட்டின் முதல் மே தினத்தை 1923ல் சிங்காரவேலர் கொண்டாடியதும் அந்தக் கடற்கரையில்தான். நாலு ஆண்கள் பாறையைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு பொம்பளைகூட இல்லையேப்பா" என்றாய். எனக்கு உடனே பீடி சுற்றின உன் ஆயா ஞாபகம் வந்துவிட்டது.

ஆயாவுக்கு எட்டு மணி நேரம் என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. விடியுமுன்னே, ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைப் பிரித்து, தகரத் துண்டை அளவுக்கு வைத்துக் கத்தரியால் வெட்டுவாள். மடியில் முறம், முறத்தில் தூள். உலை கொதிக்கும்போதும் கை நிற்காது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் நூல் கட்டுவேன். சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தால், நுனி சரியில்லை என்று ஒரு கைப்பிடியைக் கழிப்பார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. 1966லேயே பீடித் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து சுற்றுகிறவளுக்கு மணி பார்க்க யார் வந்தார்கள்? நுனி மடக்கி மடக்கி அவள் ஆள்காட்டி விரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்தே போயிருந்தது.

அந்த ஃபாரஸ்ட் பார்க் சிலையில் ஒரு பெண் இருக்கிறாள், கயல். விழுந்து கிடக்கும் தொழிலாளியின் தலையில் இலை வளையம் வைக்கிறாள். போனால் போட்டோ எடுத்து அனுப்பு. அவள் கை நன்றாகத் தெரிகிற மாதிரி, கிட்டப் போய் எடு.

அன்புடன்,
அப்பா