அலையையும் பேச்சையும் பிரிக்கச் சொல்லாதீர்கள்

ஆராய்ச்சி நிதிக் குழுவின் மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். என் விண்ணப்பம் இரண்டாவது முறையும் திரும்பி வந்துவிட்டது. பேச்சுத் தொழில்நுட்பமும், அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆற்றல் அறுவடையும் தொடர்பில்லாத துறைகள், எனவே தனித்தனி விண்ணப்பமாகப் பிரித்து அனுப்பவும் என்று குறிப்பு எழுதியிருக்கிறீர்கள். கடலில் மீனவர் கேட்டால் காற்று நிலையைப் பேசியே சொல்லும், அலையாட்டத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் ஒரு பெட்டிதான் என் திட்டம். மீதி விவரம் முழுக்க உங்கள் கோப்பில் இருக்கிறது. அதைத் திரும்ப எழுதவில்லை. ஏன் பிரிக்க முடியாது என்பதை மட்டும் சொல்கிறேன்.

பாம்பனில் என் தாய்மாமா வல்லம் என்ற சிறு படகில் கடலுக்குப் போகிறவர். சாயங்காலம் புறப்பட்டால் மறுநாள் காலையில்தான் கரை. கைபேசியைப் பாலிதீன் பையில் சுற்றி, சார்ஜ் தீர்ந்துவிடக் கூடாதென்று அணைத்தே வைத்திருப்பார். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி திடீரென்று காற்று திரும்பியது. மாமா பையைப் பிரித்தார். ஈரக் கைக்குத் திரை அசையவில்லை. சட்டையில் துடைத்துத் துடைத்து ஒருவழியாகத் திறந்தபோது சார்ஜ் போய்விட்டது. வானத்தைப் பார்த்து, பாதி வலையை அறுத்துவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டபோதுதான் தெரிந்தது: முந்தின நாள் சாயங்காலமே வந்த எச்சரிக்கை அதற்குள் படிக்கப்படாமல் கிடந்திருக்கிறது. படித்திருந்தாலும் அவர் எழுத்துக்கூட்டித்தான் படித்திருப்பார். வலைக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை.

2019-இல் மீனவர்களுக்காக வந்த ஜெமினி கருவி, கைபேசி சிக்னல் எட்டாத கடலுக்கும் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைக் கொண்டுபோகிறது. பெரிய வேலை அது, நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் செய்தியும் கடைசியில் ஒரு கைபேசித் திரையில்தான் வந்து நிற்கிறது. நான் செய்ய நினைக்கும் பெட்டிக்குத் திரையே கிடையாது. வலை இழுத்துக்கொண்டே 'காத்து என்ன?' என்று கேட்டால் அது வாயால் பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பேச்சுத் தரவு ஏற்கெனவே நிறைய இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. அதில் பெரும்பகுதி அமைதியான அறையில் உட்கார்ந்து, எழுதியதைப் பார்த்து வாசித்தது. மாமாவின் பேச்சை ஒரு பொதுவான மென்பொருளிடம் கொடுத்துப் பார்த்தேன். 'சோழகம்' என்றால் 'சோகம்' என்று எழுதியது. 'வாடை' 'வாடகை' ஆனது. தெற்கிலிருந்து வரும் காற்றையும் வடக்கிலிருந்து வரும் காற்றையும் அடையாளம் தெரியாத பெட்டியை நம்பி யார் கடலில் இருப்பார்கள்? கச்சான், கொண்டல் என்று காற்றுக்கு நாங்கள் சொல்லும் பெயர்களை, எஞ்சின் இரைச்சலோடும் காற்றின் இரைச்சலோடும், கடலிலேயே பதிவு செய்தாக வேண்டும்.

சரி, மின்சாரத்துக்கு வருகிறேன். சூரியத் தகடு வைத்தால் போதாதா என்பது உங்கள் இன்னொரு கேள்வி. பெட்டி தேவைப்படுவது ராத்திரியிலும் மழை இருட்டிலும். அந்த நேரத்தில் வெயில் இருக்காது, அலை இருக்கும். எஞ்சின் பேட்டரியும் பாய்மர வல்லத்திலோ தெர்மாகோல் மிதவையிலோ கிடையாது. அழுத்தினால் மின்சாரம் தரும் அழுத்தமின் தகடுகள் இயந்திரங்களின் வேகமான அதிர்வுக்குச் செய்தவை; இங்கே உதவவில்லை. வல்லம் சில வினாடிக்கு ஒரு முறைதான் ஆடும். அதனால் செப்புச் சுருளுக்குள் காந்தம் உருள்வது போல அமைத்திருக்கிறேன். காந்தம் நகர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்ட தத்துவம்தான். கிடைப்பது மில்லிவாட் கணக்கு. அந்தச் சிறிய மின்சாரம்தான் பெட்டி எத்தனை சொல்லைக் கற்கலாம், எவ்வளவு நேரம் காதைத் திறந்து வைக்கலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. சொற்கள் கூடினால் சுருளை மாற்ற வேண்டும்; அலை குறைந்தால் சொற்களைக் குறைக்க வேண்டும். இதை இரண்டு விண்ணப்பமாக எப்படி வெட்டுவது? தயவுசெய்து ஒரே திட்டமாகப் பாருங்கள்.

எங்கள் மாவட்டத்தின் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிறது. அதன் மின்சாரம் கம்பி வழியே எங்கெங்கோ போகிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது இன்றும் எங்கள் வீடுகளில் நேற்று நடந்தது போலப் பேசப்படுகிறது. ஆனால் புயல் வரும் ராத்திரியில் ஒரு வல்லத்துக்குச் சேதி சொல்ல மில்லிவாட் கேட்டால், துறை எது, தலைப்பு எது என்று இரண்டு வருடமாகக் கடிதம் நடக்கிறது. இதற்கு நடுவே எங்கள் கரையில் எத்தனை வலை அறுந்திருக்கும்!

மன்னியுங்கள், வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. நான் கேட்பது இவ்வளவுதான்: விண்ணப்பத்தைப் பிரிக்காமல், ஒரே திட்டமாக மறுபடி பரிசீலியுங்கள். முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவராவது பாம்பனுக்கு வந்து ஒரு ராத்திரி வல்லத்தில் கூட வர வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலம் விசைப்படகுகளுக்குத்தான். வல்லம் அப்போதும் போகும். எந்த மாதம் வந்தாலும் சரி, மாமாவிடம் சொல்லி இடம் வைக்கிறேன்.

பணிவன்புடன்,
பாம்பனைச் சேர்ந்த ஒரு பொறியியல் ஆய்வாளர்