மாளிகைமேட்டுக்கு வரும் பிள்ளைகளுக்காக ஒரு திறந்த மடல்

மாளிகைமேட்டைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அரியலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் கழிப்பறையும் குடிநீரும் வேண்டும் என்று முன்பே மனு கொடுத்தேன், நேரிலும் வந்து சொன்னேன். "பார்க்கிறோம்" என்றீர்கள். அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை. போன மாதம் பிள்ளைகளோடு வந்தபோது நடந்ததைப் பார்த்தபிறகு, இனி எல்லோரும் படிக்கும்படியே கேட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சோழர் பாடம் ஏழாம் வகுப்பில் வருகிறது. கோயிலைக் காட்டிவிட்டு, அரண்மனை இருந்த இடத்தையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று அகழாய்வுக் குழிகளுக்குக் கூட்டிவந்தோம். நல்ல உச்சி வெயில். 1980-81இல் தொடங்கி இங்கே பலமுறை தோண்டியதில் செங்கல் சுவர்களும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும், சீனப் பாண்டங்களின் சில்லுகளும் வெளிவந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன்கள் சுவரின் அகலத்தைக் கையால் முழம்போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்பிள்ளைகளில் சிலர் மட்டும் வேனைவிட்டு இறங்கவில்லை. என்னவென்று போய்க் கேட்டால், காலையிலிருந்து அவர்கள் தண்ணீரே குடிக்கவில்லை. "அங்கே போனால் ஒதுங்க இடமில்லை" என்று போன வருடம் வந்த அக்காக்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு பிள்ளைக்கு அன்று மாதவிடாய். அதை என்னிடம் சொல்லவே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மா மறுக்காமல் உள்ளே விட்டார். அவர் நல்லவர். ஆனால் நாட்டின் வரலாற்றைப் பார்க்க வந்த ஒரு பிள்ளை, முன்பின் தெரியாதவர் வீட்டு வாசலில் தலைகுனிந்து ஏன் நிற்க வேண்டும்?

கங்கை வரை படை அனுப்பி வென்ற ராஜேந்திரன், அந்த வெற்றியின் நினைவாக இங்கே சோழகங்கம் ஏரியை வெட்டினான். நீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. அவனுடைய அரண்மனை மேட்டில் பிள்ளைகள் தாகத்தை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. கழிப்பறையும் குடிநீரும்தான் கேட்கிறேன்.

ஆடித் திருவாதிரைக்கு மேடையும் விளக்கும் பந்தலும் போடுகிறீர்கள். போடுங்கள், அவன் பிறந்தநாளைக் கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் மற்ற நாட்களில் வருகிறவர்களை யார் நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊர் இது. 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அரண்மனைச் செங்கல்லும் வீடுகட்டப் போய்விட்டது. மிஞ்சியது இந்த மேடும், உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்று சுற்றிலும் நிற்கும் ஊர்ப்பெயர்களும்தான். இதைப் பார்க்கவும் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்றால் யாருக்காகத் தோண்டினோம்? அடுத்த வருடம் மாளிகைமேடு வேண்டாம், கோயிலோடு திரும்பிவிடலாம் என்று எங்கள் பள்ளியிலேயே பேச்சு எழுந்துவிட்டது. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் நினைத்தபடி கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும். குழிகளை விட்டுத் தள்ளி, சாலையோரமாக அமைத்தால் போதும். பெண்களுக்குத் தனியாக, உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறை. பக்கத்தில் ஒரு குடிநீர்க் குழாய். தினமும் சுத்தம் செய்ய, சம்பளத்துக்கு ஓர் ஆள். ஊரிலேயே அந்த வேலைக்கு வரத் தயாராக இருக்கிறார்கள்.

அடுத்த கல்வியாண்டின் சுற்றுலாக்கள் தொடங்கும் முன் இதைச் செய்து தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். எந்த மாதத்துக்குள் முடியும் என்பதை எழுத்தில் தெரிவித்தால், அதைத் தலைமையாசிரியரிடம் காட்டி மாளிகைமேட்டை மறுபடி பயணப் பட்டியலில் சேர்த்துவிடுவேன்.

இப்படிக்கு,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை