டீச்சர் ஆகிவிட்ட உனக்கு, வேன் அங்கிள் எழுதுவது

அன்புள்ள டீச்சர்,

உன்னை டீச்சர் என்று கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை. என் பள்ளி வேனில் முன் சீட்டுக்காகத் தினமும் சண்டை போட்ட பெண் நீ. ஆனாலும் இது நாலு பேர் படிக்கிற கடிதம், மரியாதை வேண்டும், அதனால் டீச்சர். பெயர் போடவில்லை, பயப்படாதே.

போன வாரம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பார்த்தபோது ஏதோ ஒரு பயிற்சிக்குப் போய்வந்த கதையைச் சொன்னாய். இன்னும் உருவாகாத வேலைகளுக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்த வேண்டும், ஏஐ வருகிறது, ரோபோ வருகிறது, ஆசிரியர்கள் மாறாவிட்டால் காணாமல் போய்விடுவார்கள் என்று ஒருவர் ஸ்லைடு போட்டுக் காட்டினாராம். "எனக்கே பயமா இருக்கு அங்கிள், இதுல நான் என்னத்த சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டாய். கையில் அப்பம் ஆறிக்கொண்டிருந்தது, பின்னால் கூட்டம் தள்ளிக்கொண்டிருந்தது, சரி பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

என் கணக்கு வேறு. பிள்ளைகளுக்கு இருபது வருடம் கழித்து என்ன வேலை வரும் என்று உனக்கும் தெரியாது, ஸ்லைடு போட்டவருக்கும் தெரியாது. அதை விடு. உன் வகுப்பை மாற்றியிருப்பது அவர்களுடைய அப்பா அம்மா இன்றைக்குப் பார்க்கிற வேலை. அதைப் பற்றி எந்தப் பயிற்சியிலும் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. விடியுமுன்னே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றுகிறவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் தெரியும்.

நாங்கள் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்கள். எல்பில், டோவன்பி, ஹீவுட், கமுனிங் என்று இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் இருந்தாலும் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மணிதான். இருட்டோடு பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), அப்புறம் பால்மரம், பிறகு பால் தூக்கி வந்து நிறுவை, பொழுது சாய்வதற்குள் எல்லோரும் லயத்து வரிசை வீடுகளில். கைக்குழந்தை என்றால் ஆயாக்கொட்டகையில், வளர்ந்த பிள்ளை என்றால் பள்ளிக்கூடத்தில். எந்தப் பையனுடைய அப்பா இந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று வாத்தியாருக்கு யோசிக்காமலே தெரியும், ஏனென்றால் எல்லா அப்பாவும் ஒரே இடத்தில்தான் இருப்பார்கள். சாயங்காலம் வாத்தியார் லயத்துப் பக்கம் நடந்தால் போதும், அதுவே பெற்றோர் சந்திப்பு.

அந்தக் காலத்தை நான் பெருமையாகச் சொல்வதாக நினைத்துவிடாதே. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னதால் பல நிர்வாகங்கள் ஒரு கொட்டகையைப் போட்டு, எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியையோ கிராணி என்கிற தோட்டத்து எழுத்தரையோ வாத்தியாராக்கின. பிள்ளை படித்து மேலே வர வேண்டும் என்பதைவிட, குடும்பம் தோட்டத்தைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை. பால்மரம் வெட்டுகிறவன் பிள்ளையும் பால்மரம் வெட்டுவான், அதற்கு இவ்வளவு படிப்பு போதும். அதாவது பிள்ளைகளை எந்த வேலைக்குத் தயார் செய்வது என்ற கேள்விக்கு அன்றைக்குத் துல்லியமான பதில் இருந்தது. அந்தப் பதில் எவ்வளவு மோசமானது என்று யோசித்துப் பார்த்தால், இன்றைக்குப் பதில் தெரியாமல் இருப்பது ஒன்றும் பெரிய குறை இல்லை என்று தோன்றுகிறது.

அப்படிப்பட்ட இடத்திலும் நல்ல வாத்தியார்கள் தங்கள் வேலையைத் தாங்களே பெரிதாக்கிக்கொண்டார்கள். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கிய காலத்தில், 1960-ல், அப்போது அமைச்சராக இருந்த நம் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டம் வாங்கலாம் என்று கேட்டாரே, என் தாத்தா அதில் சேர்ந்தபோது விண்ணப்பப் பாரத்தைப் படித்துக் காட்டியது வாத்தியார்தான். மருத்துவமனைக் கடிதம், ஊருக்குப் போகிற கடிதம், செக்ரோலில் (ஆள்கணக்குப் புத்தகத்தில்) பெயர் விட்டுப்போன புகார், எல்லாம் அவர் கையெழுத்தில்தான் போகும். இதெல்லாம் அவர் வேலை என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இப்போது உன் வகுப்புக்கு வா. பள்ளிப் பெயர்ப்பலகையில் இன்னும் தோட்டம் என்று இருக்கிறது. சுற்றிலும் செம்பனை, அதில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள். உன் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தாமானிலிருந்து (வீடமைப்புப் பகுதியிலிருந்து) என் வேனிலும் இன்னும் இரண்டு மூன்று வேன்களிலும் வருகிறவர்கள். மொத்தமே 150 பேருக்குக் கீழே என்பதால் அமைச்சின் கணக்கில் குறைந்த மாணவர் பள்ளி.

என் வேனில் ஏறுகிற பிள்ளைகளை மட்டும் சொல்கிறேன். ஒருத்தியின் அம்மா ஜெலாப்பாங் பக்கம் மின்னணுச் சிப்பு கம்பெனியில் பன்னிரண்டு மணிநேர ஷிப்ட், நாலு நாள் பகல் என்றால் அடுத்த நாலு நாள் இரவு. அம்மா கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிற நேரமும் பிள்ளை என் வேனில் ஏறுகிற நேரமும் ஒன்றாக அமைந்தால் அன்றைக்கு வாசலில் ஒரு முத்தம், இல்லாவிட்டால் பாட்டி கையசைப்பதோடு சரி. இன்னொருவனுடைய அப்பா சிங்கப்பூரில், மாதம் ஒருமுறை ராத்திரி பஸ் பிடித்து வருவார். அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களுடைய அப்பா ஈப்போவுக்கு மோட்டாரில் போய்ச் சாப்பாடு டெலிவரி செய்கிறார். எங்கள் காலத்தில் காலையில் மழை பிடித்தால் பால்வெட்டு இல்லை, சம்பளம் இல்லை, அப்பா வீட்டில் உட்கார்ந்திருப்பார். இவர்களுக்கு மழை பெய்தால்தான் ஆர்டர் கூடும், அப்பா அப்போதுதான் வெளியே ஓடுவார். இடி இடித்தால் சின்னவன் வேனில் பேச்சை நிறுத்திவிடுவான்.

ஒரே தாமான், ஒரே வரிசை வீடுகள், ஆனால் வீட்டுக்கு வீடு வேறு கடிகாரம். பள்ளிக்கூடம் மட்டும் இன்னும் தோட்டத்து மணியில் ஓடுகிறது. காலை ஏழரைக்குத் தொடங்கி மதியம் முடித்துவிட்டு, வீட்டில் யாரோ காத்திருப்பார்கள் என்று அனுப்பிவிடுகிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பிள்ளைகளின் நாளில், சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இருக்கிற பெரிய ஆள் நீ ஒருத்திதான். (நானும் இருக்கிறேன், ஆனால் நான் பாதி நேரம் ஹார்ன் அடித்துக்கொண்டிருப்பேன்.) ஏஐ உன் வேலையை எடுத்துக்கொள்ளுமோ என்று பயந்தாயே, பகுபதம் பிரித்துக் காட்டுவதை எடுத்துக்கொள்ளட்டும், நாளைக்கும் நீ அங்கே இருப்பாய் என்று அந்தச் சின்னவன் நம்புகிறானே, அதை எது எடுக்கும்?

அம்மா வேலையும் நானே பார்க்கணுமா என்று நீ கோபப்படலாம், நியாயம்தான். வருகை பதிவு, வகுப்பறை மதிப்பீடு, நீலாம் வாசிப்புப் பதிவு, புறப்பாடப் புள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செயலி, ராத்திரி பதினொரு மணிக்கு லைன் கிடைத்தால் உட்கார்ந்து தட்டுகிறாய் என்று உன் அம்மா புலம்புகிறார். ஆறாம் ஆண்டுத் தேர்வான யு.பி.எஸ்.ஆர். இருந்தவரை எத்தனை ஏ என்று மட்டும்தான் கேட்டார்கள். 2021-ல் அதை எடுத்ததும் டீச்சர்மாருக்குச் சுமை குறையும் என்று நினைத்தேன், அந்த இடத்தில் நிரப்ப வேண்டிய பாரங்கள் வந்து உட்கார்ந்துகொண்டன. அதனால் வீடு வீடாகப் போ என்றெல்லாம் சொல்ல மாட்டேன். இருக்கிற வேலையை அந்த வீடுகளின் கடிகாரம் தெரிந்து செய் என்றுதான் சொல்கிறேன்.

உதாரணத்துக்கு வாட்சாப் குழு. நாளைக்கு மணிலா அட்டை, கோந்து, குடும்பப் படம் கொண்டுவர வேண்டும் என்று ராத்திரி ஒன்பது மணிக்குச் செய்தி போட்டால், இரவு ஷிப்டில் இருக்கிற அம்மாவின் போன் லாக்கரில் கிடக்கிறது, டெலிவரி அப்பாவின் போன் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து வேன் நின்றுபோனபோது நானும் காரில் சாப்பாடு டெலிவரி ஓடியவன், அதனால் சொல்கிறேன், அந்த வேலையில் போன்தான் சம்பளம். வீட்டில் இருப்பதே ஒரு போன், அதில் அப்பா ஆர்டர் பார்ப்பதா, மகன் இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு பார்ப்பதா? அந்த இரண்டு வருடத்தில் வாசிப்பு விட்டுப்போன பிள்ளைகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் தடுமாறுகிறார்கள். போன் வேண்டிய வீட்டுப்பாடத்தைக் குறை, வாசிப்பதையும் எழுதுவதையும் உன் கண் முன்னாலேயே வகுப்பில் வைத்துக்கொள். போனில் கேட்டுக் கட்டுரையைப் பிரதி எடுக்கிற கதையும் அதோடு பாதி தீரும். என் வேனிலேயே நடக்கிறது, நான் கண்ணாடியில் பார்க்கிறேன்.

இன்னொன்று, இதுதான் எனக்கு மனதில் அதிகம் உறுத்துவது. உங்க அப்பா என்ன வேலை என்று கேட்டால் பிள்ளைகள் "கம்பெனிக்குப் போறாரு" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். எந்தக் கம்பெனி, அங்கே என்ன செய்கிறார், தெரியாது. லீவு நாளில் நாங்கள் ஒட்டுப்பால் பொறுக்கப் போவோம், அம்மா எத்தனை மரம் வெட்டுவார், எந்த நிரை கஷ்டம், வேலை வாங்குகிற மண்டோர் எங்கே நின்று கத்துவார் எல்லாம் தெரியும். இந்தப் பிள்ளைகளுக்கு அம்மாவின் வேலை கம்பெனி கேட்டுக்குள்ளே போய் மறைந்துவிடுகிறது. நாமோ அவர்களுக்கு "நான் ஒரு மருத்துவரானால்" என்று கட்டுரை கொடுக்கிறோம். உன் காலத்திலும் அதுதான், நீகூட டாக்டர் என்றுதான் எழுதினாய், வேனில் படித்துக் காட்டினாய்.

ஒரு தடவை மாற்றிக் கொடுத்துப் பார். "என் அம்மா வேலையில் ஒரு நாள்." கேட்டுக்கொண்டு வந்து எழுதட்டும். எத்தனை மணிநேரம் நிற்கிறார், சாப்பிட எத்தனை நிமிடம் கொடுக்கிறார்கள், மைக்ரோஸ்கோப்பில் என்ன பார்க்கிறார். பதில் சொல்கிற சாக்கில் அம்மாவும் பிள்ளையும் கொஞ்சம் பேசுவார்கள். அப்பா இல்லாத பிள்ளை, சொல்லக் கூச்சப்படுகிற வேலை பார்க்கிற வீடு, இதெல்லாம் உனக்குத் தெரியும், தாத்தா வேலையோ பக்கத்து வீட்டு அக்கா வேலையோ எழுதலாம் என்று ஒரு வழி விட்டுவை.

கணக்கிலும் அப்படித்தான். எங்கள் வாத்தியார் நிறுவைக் கணக்கைத்தான் விழுந்து விழுந்து சொல்லிக் கொடுத்தார், கிராணி பால் எடையைக் குறைத்துப் போட்டால் பிள்ளையாவது கண்டுபிடிக்கட்டும் என்று. விழுக்காடு நடத்தும்போது கடைத் தள்ளுபடியோடு நிறுத்தாமல் சம்பளச் சீட்டையும் கொண்டுவா. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), அதில் தொழிலாளி பங்காக 11 விழுக்காடு இபிஎப் (சேமநிதி) போனால் 187 வெள்ளி. ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை என்றால் ஒன்றரை மடங்கு. வாரத்துக்கு 48 மணிநேரம் என்று இருந்த வேலை நேரம் 2023 ஜனவரியிலிருந்து 45 ஆனது, அதை இன்னும் தெரியாத பெற்றோர் எத்தனை பேர். டெலிவரி ஓடுகிறவர்களுக்காக 2025-ல் கிக் தொழிலாளர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, அதில் தனக்கு என்ன உண்டு என்று அந்த அண்ணன் தம்பியின் அப்பாவுக்குப் படித்துச் சொல்ல இன்றைக்கு லயத்து வாத்தியார் இல்லை. ஆறாம் ஆண்டு முடிக்கிற பிள்ளை மலாயில் ஒரு பாரத்தை முழுசாகப் படித்து, புரியாததைக் கூச்சப்படாமல் கேட்கத் தெரிந்துகொண்டால் அதுவே பெரிய விஷயம். எந்த வேலை வந்தாலும் அதில் பாரம் இருக்கும், சம்பளச் சீட்டு இருக்கும். பயிற்சி நடத்தியவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார், சிரிக்கட்டும்.

கோடிங், ரோபோட்டிக்ஸ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, போட்டி என்றால் ஈப்போவுக்குக் கூட்டிப்போக வேன் இருக்கிறது, பெட்ரோல் காசு பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு காரியம் செய்யலாமா? யார் வீட்டில் எந்த வாரம் இரவு ஷிப்ட் என்பது எனக்கு ஓரளவு தெரியும். பெற்றோரிடம் கேட்டு, சரி என்றவர்கள் வீட்டு விவரத்தை மட்டும் ஒரு தாளில் எழுதித் தருகிறேன், பெற்றோர் சந்திப்பை எல்லோருக்கும் சனிக்கிழமை காலை என்று வைக்காமல் இரண்டாகப் பிரித்து வைக்க அது உதவும். தலைமையாசிரியரிடம் நீயே பேசு, நான் பேசினால் வேன் கட்டணம் கூட்டத்தான் வந்திருக்கிறேன் என்று நினைப்பார்.

அப்புறம், புதன்கிழமை புறப்பாடம் எத்தனை மணிக்கு முடியும் என்பதைத் திங்கட்கிழமையே சொல்லிவிடு. போன தடவை நேரம் மாறியது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. அந்தச் சிப்பு கம்பெனி அம்மா இரவு ஷிப்டுக்குக் கிளம்புமுன் பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் நான் ஐந்து மணிக்குள் தாமானில் இருக்க வேண்டும்.

அன்புடன்,
வேன் அங்கிள்
சுங்கை சிப்புட்