தெரிந்த கட்சிக்காரர்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, நேற்று உழவர் சந்தைக்கு நடந்தே போய் வந்தாள்.

போன வாரம் ‘ஹைலேண்டர்’ டிவி தொடரின் நாயகன் டங்கன் தானே ஆட்களைத் தண்டிப்பது நியாயமா என்று நாம் சண்டை போட்டபோது, ‘கோர்ட்டு பாஷை பேசாதீங்கப்பா’ என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். முப்பது வருஷம் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவனுக்கு வேறு பாஷை எங்கிருந்து வரும்? எழுதினால் குறுக்கே பேச மாட்டாய் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

நீ ஹார்டு டிஸ்கில் போட்டுக் கொடுத்த ‘ஹைலேண்டர்’ தொடரில் ஐந்து சீசன் முடித்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் கதைக்காக ஆரம்பிக்கவில்லை. 1992-இல் தொடங்கிய அந்தத் தொடரைப் பாதி உன் வான்கூவரிலும் பாதி பாரிஸிலும் எடுத்தார்கள் என்றாயே, மழையில் நனைந்த அந்தத் தெருக்களில் நீ நடக்கிற தெரு ஏதாவது தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். அப்புறம் மாட்டிக்கொண்டேன்.

அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததால் அவளுக்கு விதிகளைச் சொல்ல வேண்டியிருந்தது. கதையில் சாகாதவர்கள் என்று ஒரு கூட்டம். இவர்களுக்குச் சாவு கிடையாது, தலையை வெட்டினால்தான் உண்டு. ஒருவனோடு ஒருவன்தான் மோத வேண்டும். எந்த மதத்துப் புண்ணிய பூமியானாலும் அங்கே சண்டை போடக் கூடாது. ‘பாரதிக்குப் பாண்டிச்சேரி மாதிரி’ என்றேன். 1908-லிருந்து பத்து வருஷம் வெள்ளைக்காரப் போலீசால் அவரை அங்கே தொட முடியவில்லை. 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்ததும் பிடித்து நம் ஊர் ஜெயிலில் போட்டார்கள். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது.

சரி, நம் சண்டைக்கு வருகிறேன். சாகாதவர்களுக்குப் போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை, நானூறு வருஷத்துக்கு எந்த ஜெயிலில் வைப்பது, அதனால் டங்கன் மெக்லவுட் தானே தண்டிப்பது நியாயம்தான் என்பது உன் கட்சி. அதை நான் முழுக்க மறுக்கவில்லை. போக்கிடம் இல்லாதவன் சட்டத்தைக் கையில் எடுத்தால் அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் சாகாதவர்களில் ஒருத்தியான அந்த இங்கிரிட்டை நினைத்துப் பார். ஹிட்லரைக் கொல்லக் கிடைத்த வாய்ப்பைக் கோட்டை விட்டவள். அந்தக் குற்ற உணர்ச்சியில், இன்னொரு ஹிட்லராக வளர்ந்துவிடுவான் என்று அவளுக்குத் தோன்றுகிறவர்களை எல்லாம் தீர்த்துக்கட்டக் கிளம்புகிறாள். கூடச் சாகிற அப்பாவிகள் அவள் கணக்கில் வருவதில்லை. டங்கன் அவளுக்குப் பழைய நண்பன். கெஞ்சிப் பார்க்கிறான், கேட்கவில்லை, வெட்டிவிடுகிறான். நான் அவர்களைக் கொல்வதும் நீ என்னைக் கொல்வதும் எப்படி வேறு என்பதுதான் அவள் கேள்வி. அவனிடம் பதில் இல்லை.

அதே சீசனில்தான் மெதோஸ் கதையும் வருகிறது. ஐயாயிரம் வயசுக்காரன், நாம் எல்லோரும் ரசித்த ஆள். ஒரு காலத்தில் நான்கு குதிரைவீரர்கள் என்ற கொலைகாரக் கும்பலில் ஒருவனாக ஊர் ஊராகக் கொன்றவன், கசாண்ட்ரா என்ற பெண்ணை அடிமையாக வைத்திருந்தவன். கடைசியில் அவள் கோடரியை ஓங்கி நிற்கிறாள், அவன் மண்டியிட்டு அழுகிறான். டங்கன் அவன் உயிரோடு இருக்கட்டும் என்கிறான். அவள் கோடரியை விட்டுவிட்டுப் போகிறாள்.

‘திரௌபதி கூந்தல் முடியாம எழுந்து போன மாதிரி இருக்கு’ என்றாள் அம்மா. அவள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதிக்கு முன்னால் படுகளம் நடக்கும், சின்ன வயசில் நீயும் பார்த்திருக்கிறாய். மண்ணில் பெரிதாகத் துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். அவன் தொடை ரத்தம் தொட்டுக் கூந்தல் முடித்தால்தான் கூட்டம் மூச்சு விடும். கசாண்ட்ராவுக்கு அந்த மூச்சு கிடைக்கவில்லை. மெதோஸை விட்டதற்கு நீ கோபப்பட்டது சரிதான் பாப்பா, நான் போனில் அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. வழக்கில் வருகிற கட்சிக்காரர் யாராவது ஜட்ஜுக்குச் சொந்தமாகவோ நண்பராகவோ இருந்தால் அந்த ஜட்ஜ் அந்தக் கேஸைத் தொட மாட்டார். வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி எழுதுவார், அந்தக் கேஸ் கட்டை நானே தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். 1592-இல் பிறந்த டங்கனுக்கு யார் புது ஆள்? பாதிப் பேர் நண்பன், பாதிப் பேர் எதிரி. இங்கிரிட்டுக்கு வாள் இறங்கியது, மெதோஸுக்கு இறங்கவில்லை. இரண்டும் சரியாகவே இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டு கட்டையும் மாற்றி அனுப்ப அவனுக்கு இன்னொரு கோர்ட் இல்லை. நம் ஊரில் செஷன்ஸ் ஜட்ஜ் தூக்குத் தண்டனை எழுதினால்கூட ஹைகோர்ட் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ பிறப்பதற்கு முன்னால், திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையனைப் பிக்பாக்கெட் என்று கம்பத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பதினைந்து வயசு இருக்கும், ஒரு கால் செருப்பு கழன்று தள்ளிக் கிடந்தது. நானும் ஒரு அறை விட்டேன். பர்ஸ் அவன் இடுப்பில்தான் இருந்தது, அவன் திருடியது நிஜம். எனக்கு இன்றைக்கும் மறக்காதது, அடித்ததும் கைக்குக் கிடைத்த சுகம். என் பர்ஸ்கூட இல்லை அது.

மறுநாள் காலை கோர்ட்டில் ஏதோ ஒரு திருட்டு கேஸ். சாட்சிகள் உன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறார்களே, நீ என்ன சொல்கிறாய் என்று ஜட்ஜ் கூண்டில் நின்றவனைக் கேட்டார். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 313-ஆம் பிரிவு, எந்த ஜட்ஜும் விட முடியாத கேள்வி. ஆயிரம் தடவை கேட்டு அலுத்துப்போன கேள்விதான். அன்றைக்கு எனக்குப் பேனா ஓடவில்லை. அந்தப் பையனை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அம்மா பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ வாங்கி வைத்திருக்கிறாள். உன் புது வீட்டு விலாசம் அனுப்பு, போன தடவை மாதிரி கதவு எண்ணை விட்டுவிடாதே. ஆறாவது சீசனை நாளைக்கு ஆரம்பிக்கிறோம். யார் தலை போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடாதே, அம்மா மெதோஸ் பக்கம் சாய்ந்துவிட்டாள்.

அன்புடன்
அப்பா