பந்தம் ஏற்றும் முன், அதை அணைக்க இடம் பாருங்கள்

இரவு ஊர்வலங்களையும் நினைவேந்தல் கூட்டங்களையும் ஏற்பாடு செய்யும் நண்பர்களுக்கு,

வணக்கம். நீங்கள் கூப்பிட்டால் வருகிறவர்களில் நானும் ஒருத்தி. திறந்தவெளி இருட்டில் நூறு பேர் கையில் சுடரோடு நிற்கும்போது அதற்கு இருக்கும் வலிமை எனக்குத் தெரியும். அதை விட்டுவிடுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. உங்கள் ஏற்பாட்டுப் பட்டியலில் பேச்சாளர், பாதை, ஒலிபெருக்கி, பதாகை எல்லாம் இருக்கின்றன. கையில் கொடுத்த நெருப்பு கடைசியில் எங்கே, யார் பொறுப்பில் அணையப்போகிறது என்பது மட்டும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதைப் பட்டியலின் முதல் வரியாக எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் மெழுகுவத்தி. அதை யாரும் ஆபத்தாக நினைப்பதில்லை. ஒருவர் சுடரிலிருந்து அடுத்தவர் பற்றவைத்துக்கொள்ளும் அந்த நிமிடத்தைக் கவனித்துப் பாருங்கள். எரியும் மெழுகுவத்தியை வைத்திருப்பவர், உதவுகிற எண்ணத்தில் அதைச் சாய்க்கிறார். திரியைச் சுற்றித் தேங்கியிருந்த மெழுகு அடுத்தவர் விரலில் கொட்டும், அல்லது முன்னால் நிற்கும் குழந்தையின் தலையில் கொட்டும். எரிவது நிமிர்ந்தே இருக்க வேண்டும். எரியாததைத்தான் சாய்த்துக் கொண்டுவர வேண்டும். கூட்டம் தொடங்கும்போது மைக்கில் இதை ஒருமுறை சொன்னாலே போதும்.

அப்புறம் மெழுகுவத்தியில் செருகிக் கொடுக்கும் அந்தக் காகித அட்டை. மெழுகு கையில் வழியாமல் அது காப்பாற்றுவது உண்மைதான். ஆனால் சுடர் இறங்கிவந்து அட்டையைத் தொட்டால், மெழுகு ஊறிய அந்த அட்டையே ஒரு பெரிய திரியாகிவிடும். அட்டைக்கு மேல் மூன்று விரல் உயரம் மிச்சம் இருக்கும்போதே அணைத்துவிடச் சொல்லுங்கள். கூட்டம் எவ்வளவு நேரம் நீளும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மெழுகுவத்தியின் நீளத்தை அதற்கேற்ப வாங்குங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பேட்டரியில் எரியும் விளக்கு கொடுத்தால் நிகழ்வின் மதிப்பு ஒன்றும் குறையாது.

தீப்பந்தம்தான் எனக்கு அதிகம் கவலை தருவது. பந்தம் பத்திரமானதா இல்லையா என்பது அதைக் கட்டும்போதே முடிவாகிவிடுகிறது. முதலில் துணி. கிடைத்த பழைய துணியையெல்லாம் சுற்றாதீர்கள். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான மணியாக நிற்கும். அந்த வகைத் துணியைப் பந்தத்தில் சுற்றினால் எரிந்துகொண்டே சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ சணலோ மட்டும் போதும். பட்டையாகக் கிழித்து, ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் நடுவிலும் இரும்புக் கம்பியால் கட்டுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அது முதல் சூட்டிலேயே விட்டுவிடும். கட்டி முடித்ததும் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறிப் பாருங்கள். அப்போது தளர்கிற பந்தம் ஊர்வலத்தில் கட்டாயம் அவிழும்.

கைப்பிடி குறைந்தது ஒரு கை நீளமாவது இருக்கட்டும். மூங்கில் என்றால், தீ படும் பகுதியில் கணுக்களுக்கு இடையே துளை போட்டுவிடுங்கள். அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறினால் மூங்கில் வெடிக்கும். பூச்சி அரிக்காமல் மருந்து ஏற்றிய மரத்தைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்ட சில மரங்களில் ஆர்செனிக் இருக்கிறது, எரித்தால் அது புகையில் வரும். பந்தத்துக்குக் கீழே நடுவில் துளையிட்ட தகரத் தட்டு ஒன்றைச் செருகிவிட்டால் கைக்கு வரும் சொட்டு அங்கேயே நின்றுவிடும்.

எரிபொருள் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். 'சட்டென்று பிடிக்கட்டும்' என்று மண்ணெண்ணெயில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சாதாரண மண்ணெண்ணெய் சுமார் 38 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரியிலேயே விடும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து, தள்ளி நிற்கும் ஒரு சுடரைத் தொட்டு, வந்த வழியே தீயாகத் திரும்பும். தின்னரும் ஸ்பிரிட்டும் இதே கணக்குதான். மண்ணெண்ணெய் டின்னையும் வெயிலில் வைக்காதீர்கள். நனைத்த பந்தத்தைச் சொட்டு நிற்கும்வரை தொங்கவிடுங்கள். நனைத்தவர் பற்றவைக்கக் கூடாது, அவர் சட்டைக் கையிலும் எண்ணெய் இருக்கும். எரிகிற பந்தத்திலோ அணைந்து சூடாக இருக்கும் பந்தத்திலோ மறுபடி ஊற்றவே கூடாது. தீ அந்த எண்ணெய் வழியே டின்னுக்கே ஏறிவரும்.

மெழுகு உருக்கி நீங்களே வார்ப்பதாக இருந்தால் நேரடி அடுப்பில் வைக்காதீர்கள். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். மெழுகு சுமார் 60 டிகிரியில் உருகிவிடும். 200 டிகிரியைத் தாண்டினால் அதன் ஆவி தீப்பிடிக்கும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால்தான் அது காவலாக இருக்கிறது, ஆகவே தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு தீப்பிடித்துவிட்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் விரிந்து, எரியும் மெழுகை மேலே வீசிவிடும்.

இனி ஊர்வல நேரம். பந்தம் ஏந்துபவர்களுக்கிடையே இரண்டு கை நீளம் இடைவெளி வேண்டும். முடியைக் கட்டியிருக்க வேண்டும், தோளில் தொங்கும் துணியைச் செருகியிருக்க வேண்டும். உங்கள் கொடி மடங்காமல் விறைப்பாகப் பறக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்றைக்குப் பந்தம் வேண்டாம். காய்ந்த புல்வெளிக்கும் அதேதான். சுடரைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

கையை விட்டுப் போகும் நெருப்பை அனுமதிக்கவே அனுமதிக்காதீர்கள். ஜெர்மனியின் கிரேஃபெல்ட் விலங்குக் காட்சியகத்தில் 2020 புத்தாண்டு இரவில், உள்ளே சுடர் ஏற்றி வானில் பறக்கவிட்ட காகித விளக்குகளால் பிடித்த தீயில் குரங்கினங்கள் இருந்த கட்டடம் எரிந்து, முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் செத்துப்போயின. விட்டவர்கள் யாரும் அந்த எண்ணத்தோடு விடவில்லை.

முடிகிற இடத்தில் மணல் நிரப்பிய வாளிகளும், தண்ணீர் நிரப்பிய பீப்பாயும், அவற்றுக்குப் பக்கத்தில் பெயர் சொல்லி நியமித்த ஆட்களும் இருக்கட்டும். பந்தத்தின் தலையை மணலில் புதைத்து அணைத்து, ஆறியதும் தண்ணீரில் ஊறப்போட்டு, விடியும்வரை அப்படியே விடுங்கள். இறுக்கிச் சுற்றிய துணியின் உள்ளே கங்கு வெகுநேரம் உயிரோடு இருக்கும். குப்பை வண்டியில் போய் அது பற்றிக்கொள்ளக் கூடாது. ஊர்வலத்தில் யாருக்காவது சுட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டச் சொல்லுங்கள். பனிக்கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம். ஒட்டிய மெழுகையோ துணியையோ பிய்க்க வேண்டாம்.

உங்கள் அடுத்த அழைப்பிலேயே தீக்குப் பொறுப்பானவர் யார், அணைக்கும் இடம் எது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். பந்தம் கட்ட ஆள் குறைந்தால் சொல்லுங்கள், முந்தின நாளே வந்து துணி கிழித்துக் கம்பி கட்டித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஊர்வலங்களில் நடக்கும் ஒருத்தி