பார்த்தது பாஸ்போர்ட்டை

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஷாங்காய் யூதர்கள் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். ஆனால் எல்லி கடூரியை ‘ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த வணிகர், யூதர் என்பதால் ஜப்பானியர் அடைத்தனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த ஒரு வரியில் இரண்டு தவறுகள்.

கடூரி பாக்தாத்காரர். பம்பாய் வழியாக 1880இல் ஹாங்காங் போய்ச் சேர்ந்தவர். ஹிட்லர் பிறந்ததே 1889இல்! சசூன் வணிகக் கம்பெனியில் குமாஸ்தாவாக, சீனத் துறைமுகமான வெய்ஹாய்வெய் கிளையில் இருந்தபோது ஊரில் பிளேக் பரவியது. கிடங்கிலிருந்த கிருமிநாசினியை மேலிடத்தைக் கேட்காமல் ஊழியர்களுக்கு எடுத்துக் கொடுத்தார். அதற்குத் திட்டு விழவும் வேலையை உதறினார். சகோதரர் 500 டாலரைக் கையில் வைத்து, இனிமேல் கேட்டு வராதே என்றாராம். குடும்பத்தில் சொல்லி வரும் கதை இது. அப்புறம் ரப்பர், ஓட்டல், மின்சாரம் என்று எங்கேயோ போய்விட்டார்.

பணம் வந்த வேகத்தில் பிரிட்டிஷ் குடியுரிமை வரவில்லை. பல வருடம் அலைந்த பிறகுதான் கிடைத்தது. 1926இல் ‘சர்’ பட்டமும் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானுக்கும் பிரிட்டனுக்கும் போர் வந்ததும், ஆசைப்பட்டு வாங்கிய அதே குடியுரிமை அவரை எதிரி நாட்டவராக்கியது. ஜப்பானியர் பார்த்தது மதத்தை அல்ல, பாஸ்போர்ட்டை. ஜெர்மனி, ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூத அகதிகளுக்கோ நாடே இல்லை. அவர்களை 1943இல் ஷாங்காயின் ஹாங்கியூ பகுதிக்குள் ஒதுக்கினார்கள். அந்த அகதிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்துக் கொடுத்தவர் எல்லியின் இளைய மகன் ஹொரேஸ். மூத்தவர் லாரன்ஸ், மனைவியோடும் இரண்டு சிறு குழந்தைகளோடும் ஹாங்காங்கின் ஸ்டான்லி முகாமிலும், பிறகு ஷாங்காயின் சாபேய் முகாமிலும் இருந்து பிழைத்து வந்தார்.

எல்லி பிழைக்கவில்லை. நோய் முற்றிய நிலையில், 1944 பிப்ரவரியில், ஷாங்காயில் தான் கட்டிய ‘மார்பிள் ஹால்’ மாளிகையின் குதிரை லாயத்தில் இறந்தார்.

சில வருடங்களுக்கு முன் மகனைப் பார்க்க ஷாங்காய் போனபோது அந்த மாளிகைக்கும் போனேன். இப்போது அது சிறுவர் மாளிகை. பெரிய கூடத்தில் ஏழெட்டுச் சிறுமிகள் நடனம் பழகிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கை தட்டி எண்ண எண்ண, ஒரு சின்னப் பெண் மட்டும் அடி தவறித் தவறிச் சிரித்தாள். லாயம் எங்கே இருந்தது என்று கேட்டேன். கூட வந்தவருக்குத் தெரியவில்லை.

போருக்குப் பிறகு ஹாங்காங்கில் லாரன்ஸும் ஹொரேஸும், சீனாவிலிருந்து வந்த ஏழை விவசாயிகளுக்குப் பன்றிகள் கொடுத்துப் பிழைக்க வழி செய்தார்கள். பன்றி இறைச்சியை மதம் விலக்கிய யூதர்கள், பன்றி கொடுத்தார்கள்! இதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம், இடமில்லாமல் போயிருக்கும். சரி, அது போகட்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும் அடுத்த இதழில் திருத்தம் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
நெடுநாள் வாசகர், மதுரை