ஒரு மரபணுவால் மட்டும் எண்ணெய் பெருகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

எண்ணெய் வித்து ஆய்வுகளைப் பற்றிய செய்திகள் பலவற்றில் ஏதேனும் ஒரு மரபணுவே எண்ணெய் மகசூலைத் தீர்மானிப்பதுபோல எழுதப்படுகிறது. அது சரியன்று என்பதற்கு ஆமணக்கே போதிய சான்று. ஆமணக்கு எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதமாக உள்ள ரிசினோலிக் அமிலத்தை, ஓலிக் அமிலத்திலிருந்து உருவாக்கும் நொதியின் மரபணு 1995இல் கண்டறியப்பட்டது. ஆனால், அந்த மரபணுவை மட்டும் அராபிடாப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் புகுத்தியபோது, அதன் விதை எண்ணெயில் அவ்வகை அமிலங்கள் ஏறத்தாழ 17 சதவீதத்தைத் தாண்டவில்லை. கொழுப்பமிலங்களை எண்ணெய் மூலக்கூறாகப் பிணைக்கும் இறுதிப் படிக்குரிய ஆமணக்கின் மற்றொரு மரபணுவையும் சேர்த்த பிறகே அந்த அளவு 30 சதவீதத்தை நெருங்கியது. அந்நியமான அமிலத்தைக் கையாளத் தெரியாத செடியின் விதைகளில் மொத்த எண்ணெய் குறைந்ததும், முளைப்பு பாதிக்கப்பட்டதும் செய்திகளில் அரிதாகவே இடம்பெறுகின்றன. என் கருத்தில் அவையே மிக முக்கியமான தகவல்கள்.

இந்த நொதிகளுக்கு மேலாகக் கட்டுப்பாட்டு மரபணுக்களும் உள்ளன. விதைக்கு வரும் சர்க்கரையைக் கொழுப்பமிலமாக மாற்றும் மரபணுக்கள் பலவற்றை ரிங்கிள்டு-1 என்ற மரபணு முடுக்கிவிடுகிறது. அது பழுதுபட்ட அராபிடாப்சிஸ் விதைகள் சுருங்கிப்போவதோடு, அவற்றின் எண்ணெயும் ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்துவிடுகிறது.

எனவே, இத்தகைய கண்டுபிடிப்புகளை வெளியிடும்போது, அந்த மரபணு எந்தப் படியில் இயங்குகிறது, விதையின் எடையும் எண்ணிக்கையும் முளைப்புத்திறனும் என்னவாயின, சோதனை ஆய்வகத்தில் நடந்ததா வயலில் நடந்ததா என்பவற்றையும் சேர்த்தே எழுதுமாறு தங்கள் நாளிதழை அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்